நன்னூலார் வகுத்த காற்கூறும் ஆசிரியர் பயிலவையும்

தமிழ் பயில்வோர் யாவரும் நன்னூலை எழுத்தும் சொல்லும் உணர்த்தும் இலக்கணமாகவே அறிவர். அந்நூலின் முகப்பில் நிற்கும் பொதுப்பாயிரமோ, தேர்வு நோக்கிச் சில குறிப்புகளைத் திரட்டிக்கொள்ளும் அளவிலேயே பயிலப்படுகின்றது. ஆசிரியன் யார், மாணாக்கன் யார், பாடஞ் சொல்லும் முறை யாது, கேட்கும் முறை யாது என்பவற்றைத் தொகுத்துரைக்கும் அப்பகுதி, கல்வி நிகழும் நெறியைப் பற்றிய ஒரு கொள்கையைத் தன்னகத்தே கொண்டது. அக்கொள்கையின் நடுவே ஒரு கணக்கு உண்டு. அக்கணக்கு மாணாக்கர்க்கு மட்டும் உரியதா, ஆசிரியர்க்கும் உரியதா என்பதே ஈண்டு ஆராயப் புகும் வினா.

இவ்வினா வெறும் உரையாராய்ச்சி அன்று. கணிப்பொறியும் இணையமும் வகுப்பறைக்குள் புகுந்துவிட்ட இந்நாளில், கல்லூரி ஆசிரியர் சிலர் வகுப்பு முடிந்த வேளையில் ஒன்றுகூடி, தாம் கையாளும் கருவிகளைப் பற்றித் தம்முள் உசாவிக் கொள்கின்றனர். அக்கூட்டத்திற்குத் தலைவர் இல்லை, சான்றிதழ் இல்லை, வாழ்த்துரையும் நன்றியுரையும் இல்லை. இதனைப் ‘பயிலவை’ என இக்கட்டுரை வழங்கும். இது புலமையோடு தொடர்புடைய செயலா, அன்றிப் பொழுதுபோக்கா? இதற்கு விடை காண நன்னூலினும் தக்க அளவுகோல் நமக்கு வேறில்லை.

1. கணக்கும் அதன் கருத்தும்

பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சீயகங்கன் வேண்டப் பவணந்தி முனிவர் நன்னூலை இயற்றினார் என்பது அதன் சிறப்புப்பாயிரத்தால் பெறப்படும் செய்தி. பொதுப்பாயிரம் கூறும் கணக்கின் சாரம் வருமாறு: ஒரு நூலை இருமுறை கேட்பவனுக்கு அதன்கண் பிழைபடுதல் இல்லையாகும், மும்முறை கேட்பவன் அதனை முறையறிந்து உரைக்க வல்லனாவான். எனினும் ஆசிரியன் உரைத்ததை எத்துணை அமைவுறக் கேட்டு மனங்கொண்டாலும், ஒருவன் பெறுவது புலமையின் காற்கூறே. மற்றொரு காற்கூறு, அவ்வினையில் ஈடுபட்டாரோடு கூடிப் பயில்வதால் வரும். எஞ்சிய அரைக்கூறு, பிறர்க்குச் செவ்விதின் எடுத்துரைப்பதால் நிரம்பும்.

இக்கணக்கில் மூன்று செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, ஆசிரியனுக்குப் பெருமதிப்பு அளித்த ஒரு காலத்து நூல், அவனால் மாணாக்கனுக்குக் கிட்டுவது நான்கில் ஒன்றே எனத் துணிந்து கூறுவது. நிலம், மலை, நிறைகோல், மலர் எனும் உவமைகளால் ஆசிரியன் மாண்பை உயர்த்திப் பேசும் அதே பாயிரமே இவ்வரையறையையும் செய்கின்றது. ஆதலின் இஃது ஆசிரியனை இழித்துரைப்பதன்று. அறிவு எங்கெங்கு விளைகிறது என அளந்து காட்டுவது.

இரண்டாவது, கூறுகள் நிற்கும் வரிசை. கேட்டல் முன்னும் உரைத்தல் பின்னும் நிற்க, ஒத்தாரோடு பயிலுதல் இடையில் நிற்கின்றது. கேட்டது உரைக்கத் தக்கதாக மாறும் இடம் அது. ஆசிரியன் முன் வாய்திறவாத ஐயம் தோழன் முன் வெளிப்படும். மாணாக்கன் முன் மறைக்கப்படும் தடுமாற்றமும் அங்கே மறைக்க வேண்டாததாகும். நூல் பயிலும் இயல்பினைத் தொகுத்துரைக்குமிடத்தும், மாண்புடையாரோடு பயிலுதலையும் வினவுதலையும் வினவியவற்றுக்கு விடையளித்தலையும் பாயிரம் அடுத்தடுத்து வைத்துச் செல்லுதல் காண்க.

மூன்றாவது, ‘அவ்வினையாளர்’ எனும் சொல். இதற்கு உடன் கற்கும் மாணாக்கர் எனப் பொருள் கொள்வதே பெருவழக்கு. மாணாக்கனைப் பற்றிய பகுதியில் நிற்பதால் அப்பொருள் இயல்பானதே. ஆயினும் நூலாசிரியர் ‘மாணாக்கர்’ என்ற சொல்லை ஆளாது, வினை பற்றிய சொல்லை ஆண்டிருப்பது நோக்கத்தக்கது. வினையாவது நூல் பயிலும் வினை. அவ்வினையைக் கைவிடாத வரை ஆசிரியனும் அவ்வினையாளருள் ஒருவனே. அன்றியும், அரைக்கூறு உரைப்பதால் நிரம்பும் என்றமையால், உரைக்கத் தொடங்கியவனும் புலமை நிரம்பாதவனாகவே கருதப்படுகிறான் என்பது பெறப்படும். உரைத்துக்கொண்டே கற்பவன் ஒத்தாரோடு பயிலும் கூற்றினை விட்டுவிடலாம் என எங்கும் கூறப்படவில்லை. எனவே இக்கணக்கு ஆசிரியனையும் கட்டும் என்பது எம் கருத்து.

2. ஒரு சான்று

இக்கருத்தைச் சொல்லாராய்ச்சியால் மட்டும் நிறுவுதல் போதாது. வாழ்வில் அது நிகழ்ந்த இடம் ஒன்றைக் காட்டல் வேண்டும். அவ்விடம் கும்பகோணம், அதனைத் தொடங்கிவைத்தவரோ சேலத்தார்.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் 1871 முதல் அவர் மறைந்த 1876 வரை பாடங்கேட்ட உ. வே. சாமிநாதையர், 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனார். அக்காலத்துத் தமிழுலகில் அதனினும் நிறைந்த பாடங்கேட்டல் ஒருவர்க்கு வாய்த்தல் அரிது. அவ்வாண்டிலேயே அரியலூரிலிருந்து மாற்றம் பெற்று முன்சீப்பாக வந்த சேலம் இராமசாமி முதலியாரை அவர் கண்டார். யாது கற்றீர் என முதலியார் வினவ, அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை, புராணம் எனத் தாம் கேட்ட நூல்களை ஐயர் அடுக்கினார். முதலியார் அதனால் நிறைவுறவில்லை. சிந்தாமணியும் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் கற்றதுண்டா என்பதே அவர் கேட்ட வினா. அந்நூல்களை ஐயர் அதுகாறும் பயின்றதில்லை. முதலியார் சிந்தாமணிப் படி ஒன்றைக் கொடுத்துப் பாடஞ் சொல்லுமாறு வேண்டினார். படிக்கத் தொடங்கியபோதுதான் நூலின் அருமை புலனாயிற்று. சொற்பொருள் விளங்கிய இடங்களிலும் சமயப்பொருள் விளங்கவில்லை. நச்சினார்க்கினியர் உரையில் நூற்பெயர் சுட்டாது காட்டப்பட்ட மேற்கோள்கள் எந்நூலின என்பதும் தெரியவில்லை.

அத்தடுமாற்றத்தை இருவரும் மறைக்கவில்லை. கல்லூரி ஆசிரியரும் வழக்கு மன்றத்து நடுவரும் தொடர்ந்து அமர்ந்து படித்தனர். பின்னர்க் கும்பகோணத்தில் வாழ்ந்த சைனரிடம் ஐயர் சென்றார். சிந்தாமணியைத் தம் சமயநூலாகப் போற்றி வீட்டிற் கூடி ஓதிவந்த அவர்கள், பட்டம் பெற்ற புலவர் அல்லர். ஆயினும் ஐயர் அறியாதவற்றை அறிந்திருந்தனர். 1887-இல் சீவக சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது.

இந்நிகழ்ச்சியை நன்னூற் கணக்கில் இட்டுப் பார்க்க. மகாவித்துவானிடம் கேட்டது முதற் காற்கூறு. முதலியாரோடும் சைனரோடும் பயின்றது இரண்டாங் காற்கூறு. வகுப்பில் உரைத்ததும் பதிப்பில் விளக்கியதும் எஞ்சிய அரைக்கூறு. இரண்டாங் கூறு வந்தடைந்தது அவர் ஆசிரியப்பணி ஏற்ற பின்னரே என்பதே ஈண்டு இன்றியமையாத செய்தி. அக்கூறு வாராதிருந்தால், கும்பகோணம் கல்லூரி நல்ல தமிழாசிரியர் ஒருவரைப் பெற்றிருக்கும். சிந்தாமணிக்கு அப்பதிப்பு கிடைத்திராது.

ஒன்று கூறுதல் கடன். இச்செய்தி நமக்குக் கிடைப்பது ‘என் சரித்திரம்’ வாயிலாக. அஃது 1940-இல் ஆனந்த விகடனில் தொடராக வெளிவரத் தொடங்கியது. நிகழ்ச்சிக்கும் எழுத்துக்கும் இடையே அறுபது ஆண்டுகள் கடந்தன. உரையாடலின் சொற்களை அவ்வாறே நிகழ்ந்தனவாகக் கொள்ளுதல் திறனாய்வாளர்க்கு இயலாது. ஆயினும் புகழின் உச்சியில் நின்ற ஒருவர், தம் அறியாமை வெளிப்பட்ட நாளையே தம் பணியின் தொடக்கமாக எழுதி வைத்தார் என்பதில் ஐயமில்லை. நம் வாதத்திற்கு அதுவே போதும்.

3. கருவி மாறியபோது

சிந்தாமணிப் பயிற்சி நடந்த காலம், ஏடு அச்சாக மாறிக்கொண்டிருந்த காலம். ஏட்டைப் படிக்கவும் படிகளை ஒப்பிடவும் பாடவேறுபாடு குறிக்கவும் அச்சுப்படி திருத்தவும் வேண்டிய பழக்கங்களைப் பதிப்பாசிரியர் தம் உழைப்பாலும் ஒருவரிடம் ஒருவர் கேட்டும் பெற்றனர். இன்று அச்சு மின்னெழுத்தாக மாறிக்கொண்டிருக்கின்றது. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் வாயிலாகப் பல நாட்டுத் தமிழர் ஊதியமின்றி நூல்களைத் தட்டெழுதி இணையத்தில் வைத்தனர். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ் 99 விசைப்பலகை வகுக்கப்பட்டது. இணையப் பல்கலைக்கழகமாகத் தோன்றி இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என வழங்கும் நிறுவனத்தின் மின்னூலகம் நம் மாணாக்கர் கைப்பேசியில் திறக்கின்றது. 2020 மார்ச்சு மாதத்தில் கல்லூரிகள் மூடப்பட்டபோது, விரும்பியவரும் விரும்பாதவரும் திரையின் முன் அமர்ந்து பாடஞ் சொல்ல நேர்ந்தது.

கருவி மாறும்போதெல்லாம் பழைய புலமை பயனற்றுப்போகும் என்பார் உளர். அதற்கு மாறான ஒரு சிறு சான்று காட்டுவல். சங்க நூல்களில் ‘மரம்’ எனும் சொல் வரும் இடங்களைத் தொகுக்க விரும்பும் முதுகலை மாணாக்கர் ஒருவர், மின்பதிப்பில் அச்சொல்லை இட்டுத் தேடுகின்றார் எனக் கொள்வோம். ‘மரவேர்’ என வரும் இடம் அவர்க்குக் கிட்டாது. மகரம் கெட்டுப் புணர்ந்தமையின். ‘மரமும்’ என வரும் இடமும் கிட்டாது. மகர மெய்யின் மேல் உயிர் ஏறியதும் புள்ளி மறைந்து எழுத்து வேறாகிவிட்டமையின். ‘மர’ என மட்டும் இட்டுத் தேடினாலோ, மரபும் மரகதமும் உடன் வந்து குவியும். அவ்வாறே ‘பொன்’ எனத் தேடுவார்க்குப் ‘பொற்குடம்’ அகப்படாது. ‘பொன்னி’யும் ‘பொன்றுதலும்’ வேண்டாது வந்து சேரும். எண்ணிக்கையை நம்பி ஆய்வேடு எழுதுபவர், இல்லாத முடிவை இருப்பதாக எழுதிவிடுவர்.

இப்பிழையைத் திருத்த வல்லவர் யார்? கணிப்பொறியை நன்கறிந்த இளைய ஆசிரியர், தேடல் ஏன் தவறியது எனச் சில வேளை காணமாட்டார். புணரியலை நன்கறிந்த மூத்த பேராசிரியரோ, இவ்வாறு தேடப்படுகிறது என்பதையே அறியமாட்டார். இருவரும் ஒரு திரையின் முன் அமர்ந்தால், அரை மணி நேரத்தில் மெய்யீற்றுப் புணர்ச்சிக்கும் உயிர்மெய் வடிவத்திற்கும் ஏற்பத் தேடும் முறையை வகுத்துவிடலாம். இருவரும் தனித்தனியே அமர்ந்தால் எத்தனை ஆண்டு கழிந்தும் அது நிகழாது. நன்னூலார் கூறிய காற்கூறு எங்கு நிற்கிறது என்பதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

மற்றொன்று. நம் துறைகளில் பல ஆண்டு உழைத்துத் தட்டெழுதிய பாடக்குறிப்புகள் பழைய எழுத்துருக்களில் கிடக்கின்றன. பாமினியில் எழுதியது வானவில் உள்ள கணிப்பொறியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். ஒருங்குறிக்கு மாற்றும் வழி அறிந்த ஒருவர் அடுத்த அறையிலேயே இருப்பர். கேளாமையால் அக்குறிப்புகள் ஏட்டைச் செல்லரித்தது போல் அழிகின்றன.

4. நான்கு குறைகள்

கூட்டம் கூடினால் மட்டும் பயன் விளையும் என்பதும் இல்லை. ஆசிரியர் ஆகாதார்க்குப் பொதுப்பாயிரம் நான்கு உவமைகள் கூறும்: கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு. இவை தனி ஆசிரியனை நோக்கி எழுந்தவை. ஆயினும் பயிலவையின் குறைகளை இவற்றைப் போல் வகைப்படுத்திக் காட்டுவன வேறில்லை.

கழற்குடமாவது கழற்காய் இட்ட குடம். கவிழ்த்தால் இட்ட முறை பிறழ எல்லாம் ஒருங்கே கொட்டும். ஒரு மணி நேரத்தில் பத்துச் செயலிகளையும் நூறு படவில்லைகளையும் காட்டி முடிப்பவர் இவ்வகையினர். கேட்டவர் வியப்போடு வெளியேறுவர். மறுநாள் வகுப்பில் ஒன்றையும் கையாளார். மடற்பனை, தானே உதிர்த்த பழத்தையன்றிப் பிறர் ஏறிக் கொள்ள இடந்தராதது. தாம் காட்ட விரும்பியதை மட்டும் காட்டி, வினாவுக்கு இடங்கொடாதவர் இவர். பருத்திக் குண்டிகை, அரிதின் அடைக்கவும் அரிதின் எடுக்கவும் பட்ட குடுக்கை. கற்கவும் தயங்கி, கற்றதை ஈயவும் தயங்குவோர்க்கு அது பொருந்தும். முடத்தெங்கு, நீர் வார்த்தவனுக்கன்றி அயலானுக்குக் காய்க்கும் வளைந்த தென்னை. உடன் பணியாற்றுவார் உழைப்பால் உருவான பாடப்பொருளை எடுத்துச்சென்று, வேறு அரங்கில் தம் பெயரால் வெளியிடுவாரை இவ்வுவமை சுடும்.

இந்நான்கனுள் இறுதியில் நின்றதே கொடியது. மற்றவை கூட்டத்தைப் பயனற்றதாக்கும். இஃது அடுத்த கூட்டத்தையே இல்லாமற் செய்யும். அரசு கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளராகப் பணியாற்றும் இளைஞர் பலர் கருவித் திறன் மிக்கவர், பணியுறுதியோ அற்றவர். அவர் மனமுவந்து காட்டிய வழி பிறர் பெயரில் உலவக் கண்டால், மறுமுறை வாய் திறவார். ஒத்தாரோடு பயிலுதல் என்று நன்னூல் கூறியது வயதாலும் ஊதியத்தாலும் ஒத்தாரை அன்று, வினையால் ஒத்தாரை. படிநிலை அவ்வொரு மணி நேரமேனும் வாயிற்புறத்தே நில்லாவிடில், கூடியது பயிலவை ஆகாது.

5. இரு தடைகள்

ஈண்டு இரு தடைகள் எழுதல் கூடும். பல்கலைக்கழகங்கள் முறையான பயிற்சிகளை நடத்துகின்றனவே, இம்முறைசாராக் கூட்டம் எதற்கு என்பது ஒன்று. 1986-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையை ஒட்டிப் பணியிடைப் பயிற்சிக்கெனப் பல்கலைக்கழகங்களில் நிறுவனங்கள் தோன்றின. அவை 2023 முதல் மாளவியா இயக்க ஆசிரியர் பயிற்சி மையங்கள் என வழங்குகின்றன. பல்கலைக்கழக மானியக்குழுவின் 2010-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் ஆசிரியர் செயல்களை மதிப்பெண்ணால் அளக்கவும் முற்பட்டன. இவை வேண்டாதன அல்ல. ஆயினும் இவற்றை நன்னூற் கணக்கில் வைத்தால், வல்லுநர் உரைப்பக் கேட்டல் எனும் முதற் காற்கூற்றிலேயே அடங்கும். கருத்தரங்கில் கட்டுரை படித்தலோ அரங்கேற்றத்தின் வழிவந்தது. அங்கே ஐயத்திற்கு இடமில்லை, முடிவுக்கே இடமுண்டு. மதிப்பெண் கிடைக்கும் இடத்தில் எவரும் தம் அறியாமையைக் காட்டத் துணியார். எனவே சான்றிதழின்மை பயிலவையின் குறையன்று. அது நிகழ்தற்கு வேண்டிய நிலை.

கருவிகள் நினைவாற்றலை அழிக்கும், பாடம் போற்றலும் கேட்டவை நினைத்தலும் கெடும் என்பது மற்றொன்று. இத்தடையில் உண்மை உண்டு. தேடினால் கிடைக்கும் என்ற எண்ணத்தால் மாணாக்கர் பாடல்களை மனங்கொள்ளாது விடுகின்றனர். எப்பதிப்பினின்று தட்டெழுதப்பட்டது என்று வினவாமல் மின்பாடத்தை மேற்கோள் காட்டுகின்றனர். ஆனால் இக்கேட்டினைக் கருவியை ஒதுக்குவதால் நீக்க இயலாது. அது மாணாக்கர் கையில் ஏற்கனவே உள்ளது. அதன் எல்லையை அறிந்த ஆசிரியர்களே அதனை நெறிப்படுத்த வல்லர். அவ்வெல்லையை ஒருவர் தனித்து அறிதல் அரிது.

6. முடிபு

1997-இல் நாமக்கல் தனி மாவட்டமாயிற்று. அவ்வாண்டிலேயே சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் தோன்றியது. இராசிபுரம், திருச்செங்கோடு, ஆத்தூர், மேட்டூர், நாமக்கல் என இச்சமவெளியெங்கும் கல்லூரிகள் பரந்துள்ளன. ஓரிரு தமிழாசிரியரே உள்ள சிறு துறைகளும் உண்டு. அவர்க்கு வினவ ஆளில்லை என்பதே பெருங்குறை. ஒரு கல்லூரியின் தனிமையை அயற் கல்லூரி போக்கலாம். திங்களுக்கு ஒருமுறை, ஒரு மணி நேரம், ஒவ்வோர் ஊரிலும் மாறி மாறிக் கூடுதல் இயலாத செயலன்று. ஒரு நூற்பகுதி, ஒரு கருவி, அக்கருவி தோல்வியுற்ற ஓரிடம் என மூன்றை மட்டும் கொண்டு வருதல் சாலும். தோல்வியுற்ற இடத்தை முதலில் காட்டுபவர் துறையில் மூத்தவராக இருத்தல் நன்று. அவர் காட்டிய பின்னரே இளையார் அச்சமின்றிப் பேசுவர். உருவாகும் பாடப்பொருளில் உழைத்தார் அனைவர் பெயரையும் பொறித்தல் தவறாத விதியாதல் வேண்டும்.

நன்னூலார் வகுத்த இரண்டாங் காற்கூறு பணியாணை பெற்ற அன்று முடிந்துவிடும் கடன் அன்று. கருவி மாறுந்தோறும் மீண்டும் மீண்டும் செலுத்தற்குரியது. தம் வட்டத்து நூலாசையால் ஒரு கல்லூரி ஆசிரியரின் கல்வியை மீளத் தொடங்கச் செய்தவர் சேலத்தார் ஒருவர். அவ்வூர்ப் பல்கலைக்கழகத்தைச் சூழ்ந்து வாழும் தமிழாசிரியர், யாது கற்றீர் எனும் அவ்வினாவைத் தம்முள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டவர் ஆவர்.